சோத்தாங்கைக்கு ஒரு துப்பாக்கி

துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது அம்மா சங்கரா மீனுக்குச் செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள். யாரைச் சுடப் போகிறாய் என்று நிமிராமலே கேட்டாள். அட்டையை என்றேன். அட்டையைச் சுட அடுப்பு போதுமே, துப்பாக்கி எதற்கு என்று சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள். அதோடு பேச்சு முடிந்தது. அதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. ராயபுரத்தில் கோயில் மணி கேட்கிற தூரத்தில் எங்கள் வீடு. அப்பா துறைமுகத்தில் சரக்கு தூக்குகிற வின்ச் ஓட்டினார். நான் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் டைப்பிஸ்ட். தொழிற்சாலைக்கு ஒரு விளையாட்டுக் கிளப் உண்டு. கேரம், வாலிபால், வருஷத்துக்கு ஒரு நாடகம் என்று அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. புதிதாக வந்த அதிகாரி ஒருவருக்குத் துப்பாக்கிப் பைத்தியம். பின்பக்கம் சும்மா கிடந்த நீளமான கொட்டகையில் மணல் மூட்டைகளை அடுக்கி, அதன்மேல் பலகை அடித்து, பத்து மீட்டருக்கு ஒரு கோடு கிழித்துவிட்டார். பம்பாயில் தொழிலாளர்களுக்கான போட்டி ஒன்று வரப்போகிறது, பெண்களுக்கும் தனிப் பிரிவு உண்டு, பெயர் கொடுங்கள் என்று அறிவிப்பு வந்தது. இரண்டு பேர் கொடுத்தோம். ஒருத்தி பேக்கிங் பிரிவில் இருந்த எர்ணாவூர்ப் பெண், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். இன்னொருத்தி நான். வீட்டுக்குப் போக ஒரு மணி நேரம் தாமதமாகும் என்பதைத் தவிர எனக்கு வேறு இலட்சியம் எதுவும் இருக்கவில்லை.

சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, எங்கள் கம்பெனியில் காவல் பிரிவுக்குத் தலைவராக வந்தவர். எல்லோரும் மாஸ்டர் என்போம். கிளப்பில் இருந்தது ஒரே ஒரு காற்றுத் துப்பாக்கி. எப்போதோ வேலையை விட்டுப் போன வெள்ளைக்கார மேனேஜர் ஒருவர் விட்டுவிட்டுப் போனது. கீழே இருக்கிற நெம்புகோலை இழுத்து ஸ்பிரிங்கை ஏற்றி, ஒரு சின்ன ஈயக் குண்டைப் போட்டு, ஒற்றைக் கையை நீட்டிச் சுட வேண்டும். இன்னொரு கையால் தாங்கக் கூடாது. அந்தக் கை இடுப்பிலோ பையிலோ சும்மா இருக்க வேண்டும் என்பது விதி.

மாஸ்டர் துப்பாக்கியை என் வலது கையில் வைத்தார். நான் சுட்டேன். குண்டு அட்டையைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது. ஒரு வாரம், இரண்டு வாரம், அப்படியேதான். பேக்கிங் பெண் கருப்பு வட்டத்துக்குள் நுழைய ஆரம்பித்துவிட்டாள். நான் இன்னும் பலகையைத்தான் துளைத்துக்கொண்டிருந்தேன். பலகை பாவம், அது ஒன்றும் பண்ணவில்லையே என்றார் மாஸ்டர். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இப்போதும் வரும். அன்றைக்கு வந்த கோபத்தில் துப்பாக்கியை மேஜைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

என் கையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பிறந்ததிலிருந்தே எனக்கு எல்லாம் இடது கைதான். எங்கள் பக்கத்தில் வலது கைக்குச் சோத்தாங்கை என்றும் இடது கைக்குப் பீச்சாங்கை என்றும் பெயர். ஒன்று சோறு சாப்பிடுகிற கை, இன்னொன்று எதற்கு என்று சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்கள் ஸ்கேலால் அடித்து அடித்து எழுத்தை வலது கைக்கு மாற்றினார்கள். சிலுவை போடுவதையும் மாற்றினார்கள். சோறு மட்டும் மாறவில்லை. அம்மா இடது கையைத் துணியால் கட்டிப் பார்த்தாள், தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். நான் பட்டினி கிடந்தேனே தவிர மாறவில்லை. பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்கள் ஜெயித்தார்கள், வீட்டில் நான் ஜெயித்தேன்.

தெருப் பிள்ளைகள் என்னைப் பீச்சாங்கை என்றே கூப்பிடுவார்கள். ஒருநாள் எங்கள் வாசலிலேயே நின்று ஒருத்தன் அப்படிக் கூப்பிட, அதுவரை என்னை அடித்துக்கொண்டிருந்த அம்மாவே வெளியே வந்து அவனைப் பிடித்துக்கொண்டாள். "யார்ரா பீச்சாங்கை? அவ எந்தக் கைல துண்றாளோ அதான்டா அவளுக்குச் சோத்தாங்கை" என்று தெருவே கேட்கச் சொன்னாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குள் என் இடது கைக்குப் பெயர் சோத்தாங்கை. வேறு பெயர் சொல்ல அம்மா விடமாட்டாள். சோத்தாங்கைப் பக்கம் குடம் இருக்கிறது பார் என்று என்னிடம் சொன்னால் நான் இடப்பக்கம் பார்ப்பேன். அப்பாவிடம் சொன்னால் அவர் வலப்பக்கம் பார்ப்பார். யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. விருந்து, கல்யாணம் என்று வெளியே போனால் மட்டும் வலது கையால் பிசைந்து அரை வயிறோடு வருவேன். அதனால் வெளியில் பலருக்கு என் விஷயம் தெரியாது.

தண்ணீர் குடித்துவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பினால் மாஸ்டர் டீ குடிக்கப் போயிருந்தார். துப்பாக்கியை இடது கையில் எடுத்தேன். அதன் பிடி வலது கைக்காகச் செதுக்கியது. கட்டைவிரல் வைக்கிற மேடு என் உள்ளங்கையில் குத்தியது. ஆனால் பல காலம் புழங்கி மேடு தேய்ந்திருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு பிடிக்க முடிந்தது. கையை நீட்டினேன். அது ஆடாமல் நின்றது. என் கை இப்படி நின்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சுட்டேன், மறுபடியும் சுட்டேன், எல்லாம் ஒரே இடத்தில் போய் விழுந்தன. மாஸ்டர் வந்து அட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, யார் சுட்டது என்றார். நான்தான் என்றேன். எந்தக் கை என்றார். திட்டப் போகிறார் என்று நினைத்து இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

அவர் திட்டவில்லை. கையை வாங்கிப் பார்த்தார். உள்ளங்கை சிவந்து கன்றியிருந்தது. இந்தத் துப்பாக்கியோடு நீ ரொம்ப தூரம் போக முடியாது, கை போய்விடும், உனக்கென்று ஒன்று தேட வேண்டும் என்றார். எனக்கென்று ஒன்று. அந்த வார்த்தையைக் கேட்ட நிமிஷத்தில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பிறந்ததிலிருந்து அடி வாங்கிக் கொடுத்த கை அது. அது ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்யும் என்று முதல் தடவையாகத் தெரிந்தது. பம்பாய்க்குப் போக வேண்டும், அந்தக் கையோடு போக வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மவுண்ட் ரோடில் ஒரு துப்பாக்கிக் கடைக்கு மாஸ்டரும் நானும் போனோம். வாங்கப் போவது நான், கடைக்காரர் பேசியதெல்லாம் மாஸ்டரிடம். முதலில் உள்நாட்டில் செய்த காற்றுத் துப்பாக்கி ஒன்றைக் காட்டினார். ட்ரிக்கரை இழுக்க இரண்டு விரல் வேண்டியிருந்தது. துருப்பிடித்த தாழ்ப்பாள்கூட அதைவிடச் சுலபமாக நகரும். அடுத்தது தோட்டா போட்டுச் சுடுகிறது. அதற்கு லைசென்ஸ் வேண்டும், போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார் என்றார். எங்கள் சந்துக்குள் போலீஸ்காரர் நுழைந்து என் பெயரைச் சொல்லி விசாரித்தால் அப்புறம் எனக்குக் கல்யாணம் என்ற பேச்சே இருக்காது. மூன்றாவது, யாரோ விற்றுவிட்டுப் போன வெளிநாட்டுக் காற்றுத் துப்பாக்கி. அதை எடுத்ததும் மாஸ்டர் முகம் மாறிவிட்டது.

துப்பாக்கி தேர்ந்தெடுக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. கண்ணை மூடிக்கொள், கையை நீட்டு, கண்ணைத் திற. முன்னால் இருக்கிற முள் பின்னால் இருக்கிற பள்ளத்துக்கு நடுவில் நேராக நின்றால் அது உன் துப்பாக்கி, இல்லையென்றால் எவ்வளவு உயர்ந்ததானாலும் அது உன்னுடையது இல்லை என்பார். இடது கையில் பிடிக்கவே முடியவில்லை. கட்டைவிரலுக்கு மேடு, கீழே உள்ளங்கை உட்கார ஒரு தட்டு, எல்லாம் வலது கைக்கு. வலது கையில் பிடித்துக் கண்ணைத் திறந்தேன். முள் கச்சிதமாக நின்றது. ஆனால் அந்தக் கை நடுங்குகிறதே, அதை என்ன செய்வது? இடது கைக்குச் செதுக்கியது இருக்கிறதா என்று நானே வாயைத் திறந்து கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். வெளிநாட்டில் செய்கிறார்கள், இங்கே யார் கேட்கப்போகிறார்கள் என்று வரவழைப்பதில்லை, கையை மாற்றிக்கொள்வதுதான் சுலபம் என்றார். மாற்றிக்கொள்ளச் சொல்கிறவர்கள் எல்லோருக்கும் அது சுலபமாகத்தான் இருக்கிறது.

அப்போதுதான் எங்கள் சந்தில் நாலு வீடு தள்ளியிருந்த மாமாவின் நினைவு வந்தது. அப்பாவின் தோஸ்து, நான் வளர்ந்த பிறகு சந்துக்குக் குடிவந்தவர், நான் சாப்பிட்டு அவர் பார்த்ததில்லை. கப்பலில் இன்ஜின் அறையில் எண்ணெய் போடுகிற வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலில், மீதி நாள் எங்கள் சந்தில். அப்பா போய்ப் பேசினார், கையின் விவரம் பிறகு கொடுப்பதாக ஏற்பாடு. அடுத்த கப்பல் ஜெர்மனியில் ஹாம்பர்க் போகிறது என்றார் மாமா. வாங்கிக்கொண்டு வருகிறேன், சுங்கத்தில் காட்டி வரி கட்டி முறையாகவே கொண்டுவருகிறேன், பொண்ணு பம்பாய் போய் ஜெயித்துவிட்டு வரட்டும் என்றார். அப்பா சீட்டு எடுத்துப் பணத்துக்கு ஏற்பாடு செய்தார். இன்னொரு தடவை என்பது எங்கள் வீட்டில் கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும்.

மாஸ்டர் சொன்னபடி, மளிகை சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தில் என் இடது கையை வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு வரைந்தேன். கடைக்காரன் அதைப் பார்த்தால் கையின் அளவு தெரிந்துவிடும். காகிதத்தில் வரைந்த கைக்கு வலது ஏது, இடது ஏது? திருப்பிப் போட்டால் மாறிப்போகும். எழுதி வைக்கலாம் என்றால் மாமாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் எந்தக் கை என்று வாயால் சொல்ல வேண்டும் என்று அம்மாவிடம் காகிதத்தைக் கொடுத்து ஒன்றுக்கு நாலு தடவை சொல்லியிருந்தேன். கப்பல் திடீரென்று ஒரு வேலைநாளில் புறப்பட்டது. நான் தொழிற்சாலையில் இருந்தேன். மாமா வந்து காகிதத்தை வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி, எந்தக் கை என்று சொன்னாயா என்பதுதான்.

"சொல்லாம வுடுவனா? ரெண்டு தபா சொன்னேன், அவளோட சோத்தாங்கைன்னு" என்றாள் அம்மா.

எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு அதுதானே அர்த்தம்.

அடுத்த சில மாதங்கள் கிளப் துப்பாக்கியை இடது கையில் பிடித்துப் பழகினேன். உள்ளங்கையில் துணி சுற்றிக்கொள்வேன். வலித்தாலும் பரவாயில்லை, எனக்கென்று ஒன்று வந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். கடற்கரையோரமாக பஸ்ஸில் போகும்போது துறைமுகத்துக்கு வெளியே காத்திருக்கிற கப்பல்களைப் பார்ப்பேன். எல்லாக் கப்பலும் எனக்குத் துப்பாக்கி கொண்டுவருகிற கப்பலாகத்தான் தெரிந்தது.

மாமா வந்த அன்று சந்தில் பாதிப் பேர் எங்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். மரப்பெட்டி. உள்ளே பச்சைத் துணி விரித்து, அதில் துப்பாக்கி. அவ்வளவு அழகான சாமானை எங்கள் வீடு அதற்கு முன் பார்த்ததில்லை. பிடி வாதாம்பருப்பு நிறத்தில் மின்னியது. யாரும் தொட வேண்டாம், பொண்ணு முதலில் தொடட்டும் என்று எல்லோரையும் தள்ளி நிறுத்திவிட்டு, மாமா தான் வாங்கிய கதையைச் சொன்னார். கப்பல் நின்றது ஒரே நாள், கரையில் அவருக்குக் கிடைத்தது சில மணி நேரம். மற்றவர்கள் எல்லாம் ஊர் சுற்றப் போக, அவர் மட்டும் காகிதத்தை வைத்துக்கொண்டு மழையில் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார்.

"கடைக்காரன் கிழவன். இந்தக் கையா அந்தக் கையான்னு ரெண்டையும் தூக்கிக் காட்டினான். நான் வுடல. சோத்தாங்கைடா சாமீ, சோத்தாங்கைன்னு இப்படித் தூக்கிக் காட்டினேன். புரிஞ்சிக்கினு உள்ள போயி எடுத்தாந்தான்."

சொல்லிக்கொண்டே அவர் தன் வலது கையை உயர்த்திக் காட்டினார். கூட்டம் சிரித்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புடிச்சுக் காட்டு கண்ணு" என்றார் மாமா.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வலது கையால் எடுத்தேன். அச்சில் ஊற்றிய மாதிரி உட்கார்ந்தது. என் கை அளவுக்குத்தான் வாங்கியிருந்தார், ஒரு நூல் பிசகவில்லை. கை மட்டும்தான் வேறு.

"கரெக்டா கீதா?"

"கீது மாமா."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். கூட்டம் கலைந்த பிறகு நான் போனபோது அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தாள். நான் சரியாகத்தானே சொன்னேன் என்றாள். சரியாகத்தான் சொன்னாய் என்றேன். எனக்குக் கோபம் வருவதற்கு ஒரு சின்னக் காரணம் போதும், எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு அவ்வளவு பெரிய காரணம் இருந்தும் கோபத்தை யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை. மழையில் நனைந்து வாங்கி வந்தவர்மேலா? என்னை ஒருத்தன் கேலி பண்ணியதற்காகச் சொல்லையே மாற்றி வைத்தவள்மேலா? கடைக்காரக் கிழவன்கூட ஒழுங்காகத்தான் கேட்டிருக்கிறான். அழுகைதான் வந்தது, அழுதேன்.

மாஸ்டர் துப்பாக்கியை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். இப்படி ஒன்றை நான் பட்டாளத்தில்கூடத் தொட்டதில்லை என்றார். பிறகு இடது கையில் பிடிக்கச் சொன்னார். உள்ளங்கைத் தட்டும் கட்டைவிரல் மேடும் என் கையை உள்ளேயே விடவில்லை. கிளப் துப்பாக்கியைப் போலப் பல்லைக் கடித்துப் பிடிக்கலாம் என்றால் அதுவும் முடியாது. தொழிற்சாலைத் தச்சரிடம் சொல்லித் தேக்கில் வேறு பிடி செய்து பார்த்தோம். பாவம், அவரும் மெனக்கெட்டார். அது இரும்போடு சரியாகப் பொருந்தாமல் ஒவ்வொரு குண்டுக்கும் அசைந்தது. வந்த பிடியையே செதுக்கிவிடலாமா என்று தச்சர் கேட்டார். செதுக்கித் தப்பாகிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. அதோடு, மாமா நாள் தவறாமல் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து அந்த மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். எப்படிச் சுடுகிறது என்று கேட்பார். சோக்காகச் சுடுகிறது என்பேன்.

ஒருநாள் பயிற்சியில் பேக்கிங் பெண், ஒரே ஒரு தடவை பிடித்துப் பார்க்கட்டுமா என்றாள். கண்ணை மூடி, கையை நீட்டி, திறந்தாள். "நேரா கீதுக்கா" என்றாள் மெதுவாக. கோயிலில் பேசுகிற குரலில் சொன்னாள். நான் வாங்கிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டேன்.

பம்பாய்க்கு ஆள் எடுக்கிற போட்டி எங்கள் கொட்டகையிலேயே நடப்பதாக இருந்தது. எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இருந்து ஒரே ஒரு பெண் போகலாம். எங்கள் இருவரோடு எண்ணூரில் இருந்து ஒருத்தி வருவாள். மாஸ்டரும் நானும் ஒரு முடிவுக்கு வந்தோம். கிளப் துப்பாக்கியை இடது கையில் பிடித்தே நான் சுடுவது. ஒருவர் சுட்டு முடித்ததும் அதே துப்பாக்கியை வாங்கி அடுத்தவர் சுடுவது. அதற்குள் மாமாவின் கப்பல் புறப்பட்டுப் போயிருக்கும். ஜெயித்த பிறகு எந்தத் துப்பாக்கி என்று யார் கேட்கப்போகிறார்கள்?

கப்பல் புறப்படவில்லை. ஏதோ பழுது, இன்னும் சில நாள் ஆகும் என்றார்கள். போட்டியன்று காலையில் மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கொட்டகை வாசலில் நிற்கிறார். அம்மா என்னென்னவோ சொல்லித் தடுத்துப் பார்த்தாளாம், நடக்கவில்லை. அதிகாரி அவரை மரியாதையாகக் கூப்பிட்டு முன்வரிசையில் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துவிட்டார். சரி, அவர் எதிரிலேயே கிளப் துப்பாக்கியை எடுப்பது, புதியது இன்னும் பழகவில்லை, பழையதற்கு இடது கைதான் தோது என்று சொல்லிக்கொள்வது என்று மனதைத் தேற்றிக்கொண்டு கோட்டுக்கு வந்தேன். பழகிப் பார்க்கிற குண்டு இரண்டு போட்டேன். மூன்றாவதுக்கு நெம்புகோலை இழுத்தபோது உள்ளே படீரென்று ஒரு சத்தம். அப்புறம் அது இழுபடவே இல்லை, தொளதொளவென்று தொங்கியது. ஸ்பிரிங் உடைந்துவிட்டது.

மாஸ்டர் வந்து பார்த்தார். உன்னுடையது இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். பிறகு, அவரிடம் நான் சொல்லிவிடட்டுமா என்று காதோடு கேட்டார். சொல்லி என்ன ஆகப்போகிறது? சொன்னால் பிடி மாறுமா? வேண்டாம் என்றேன். அதற்குள் மாமாவே எழுந்து, பேருக்குக் கொண்டுவந்து மேஜைக்கடியில் நான் வைத்திருந்த பெட்டியை எடுத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இதற்காகத்தான் கப்பலே நின்றது என்கிற மாதிரி ஒரு சந்தோஷம்.

வலது கையால் சுட்டேன். இடது கையைச் சேலை இடுப்பில் செருகிக்கொண்டேன். அது அங்கே சும்மா இருந்தது, பாறையைப் போல ஆடாமல் இருந்தது. நீட்டிய கைதான் நடுங்கியது. துப்பாக்கி என்னிடம் ஒரு தப்பும் பண்ணவில்லை. பட்டுப்போல ட்ரிக்கர், இழுப்பது தெரியாமல் குண்டு போனது. எங்கே போகச் சொன்னேனோ அங்கேதான் போனது, நான்தான் கண்ட இடத்துக்குப் போகச் சொன்னேன். ஒவ்வொரு குண்டுக்கும் இடுப்பில் இருக்கிற கையை எடுத்து இதைப் பிடிக்க முடியாதா என்று மனசு அடித்துக்கொண்டது. முடியாது என்று தெரிந்தே அடித்துக்கொண்டது. பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் போகப்போவதில்லை என்று. தெரிந்த பிறகும் மீதிக் குண்டுகளைச் சுட்டுத்தானே ஆக வேண்டும். சுட்டு முடித்தேன்.

எண்ணூர்க்காரி தன் துப்பாக்கியால் சுட்டாள். பேக்கிங் பெண்ணின் முறை வந்தது. அவளுக்குச் சுட ஒன்றும் இல்லை. கேட்கவும் கூச்சம், என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமாதான் உரக்கச் சொன்னார், நம்முடையதைக் கொடு, அதுவும் நம்ம பொண்ணுதானே என்று. கொடுத்தேன். அவள் சுடச் சுட மாஸ்டர் தொலைநோக்கியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. அட்டைகளை எடுத்துவந்து அடுக்கியபோது யாரும் கூட்டிப் பார்க்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதிகாரியிடம் கைகுலுக்கினார், மாஸ்டரிடம் கைகுலுக்கினார், அந்தப் பெண்ணின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். பிறகு என்னிடம் வந்து, என் வலது கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார்.

"மனசு வுடாத கண்ணு. சாமான் சோடை போவல பாத்தியா? கைதான் பழகணும்."

பழக்குகிறேன் மாமா என்றேன்.

அவர் கப்பல் அந்த வாரமே போய்விட்டது. போவதற்கு முன், அந்தத் துப்பாக்கியையே பம்பாய்க்குக் கொடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டரும் தயங்கித் தயங்கி அதையே கேட்டார். கிளப் துப்பாக்கிக்கு ஸ்பிரிங் கிடைக்கவில்லை. என்ன சொல்லி மறுப்பது? எனக்கு உபயோகப்படாத சாமானை என் வீட்டில் பூட்டிவைத்துக்கொள்கிறேன் என்றா? பெட்டியை எடுக்கும்போது அம்மா பக்கத்தில் நின்றிருந்தாள். தூசு இல்லாத பெட்டியை முந்தானையால் ஒரு தடவை துடைத்துக் கொடுத்தாள்.

சென்ட்ரலில் ரயில் நின்றிருந்தது. பேக்கிங் பெண் புதுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். வீட்டு ஆட்கள் சுற்றி நின்றார்கள். எனக்கு அவள்மேல் பொறாமை இருந்தது, பிரியமும் இருந்தது, இரண்டையும் ஒளிக்கத் தெரியாமல் நின்றேன். ஜன்னல் வழியாகப் பெட்டியை நீட்டினேன். அவள் கையை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"அந்தக் கைல வாணாக்கா" என்றாள், தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்கிற மாதிரி சிரித்து. "நல்ல காரியத்துக்குப் போறேன்."

நான் கையை மாற்றிக் கொடுத்தேன்.